மே மாதத்து மதியப் பந்திக்கு ஃப்ரூட் சாலட்: எதை எப்போது நறுக்குவது

உச்சிப்புளிப் பக்கம் வீடு. மே இரண்டாம் வாரம் விசேஷம், 25 பேருக்குச் சாப்பாடு, முடிவில் ஆளுக்கு ஒரு கிண்ணம் ஃப்ரூட் சாலட். போன வருஷம் காலை எட்டு மணிக்கே எல்லாப் பழத்தையும் நறுக்கி, சீனி போட்டுக் கிளறி, காய்ச்சி ஆறவைத்த பாலும் ஊற்றி மூடி வைத்திருக்கிறீர்கள். ஒரு மணிக்குத் திறந்தால் கால் சட்டிக்குத் தண்ணீர், வாழைப்பழம் கறுத்துப்போயிருக்கிறது, வாயில் வைத்தால் கசப்பு. பார்த்துப் பார்த்து நல்ல பழமாகத்தானே வாங்கினோம், எது கெட்டுப்போனது, இந்த முறை நுங்கும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழங்களின் பெயரைக் கேட்பது போலத் தெரிந்தாலும், நறுக்கிய பழத்தை இந்த வெயிலில் பந்தி வரைக்கும் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

வாங்கும்போது பழம் எதுவும் கெட்டிருந்திருக்காது. தண்ணீர் விட்டது சீனியால், கறுத்தது காற்றால், கசந்தது பாலால். இந்த மூன்றும் உறுதியாகச் சொல்லக்கூடியவை, மூன்றுக்கும் வழி இருக்கிறது.

முதலில் தண்ணீர். நறுக்கிய பழத்தின் மேல் சீனி பட்டதும், பழத்துக்குள் இருக்கும் நீரை அது வெளியே இழுக்க ஆரம்பித்துவிடும். உப்பும் அப்படித்தான், தேனும் அப்படித்தான். தேன் ஊற்றினால் நீர் விடாது என்று சிலர் சொல்வது சரியில்லை. ஐந்து மணி நேரம் சீனியில் ஊறிய மாம்பழம் ஓரம் குழைந்து, தன் சாற்றிலேயே மிதக்கும். அதனால் இனிப்பும் உப்பும் பரிமாறுவதற்குப் பத்து நிமிடத்துக்கு முன்புதான் சேர வேண்டும். இனிப்பைப் பாகாகக் காய்ச்சி ஆறவைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் கரைவதற்காகக் கிளற வேண்டியதில்லை. கிளறக் கிளறப் பழம் உடைந்து இன்னும் நீர் விடும். தர்பூசணி சீனி இல்லாமலே நீர் விடும் பழம், அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதைத் துண்டாகக் கலவையில் போடவே வேண்டாம். சாறாக எடுத்து வேறு விதமாகச் சேர்க்கலாம், கீழே சொல்கிறேன்.

அடுத்து கறுப்பு. வாழை, ஆப்பிள், கொய்யா, சப்போட்டா ஆகியவற்றை வெட்டியதும் உள்ளிருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பு நிறத்தை உண்டாக்குகிறது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அந்த நொதியைத் தடுக்கும். அதிலிருக்கும் வைட்டமின் சி நிறம் மாறுவதைத் தள்ளிப்போடும். கிலோ பழத்துக்கு ஒரு மேசைக்கரண்டிச் சாறு போதும். ஆனால் வாழைப்பழத்தை ஐந்து மணி நேரம் காப்பாற்றும் சக்தி எலுமிச்சைக்குக் கிடையாது. அவ்வளவு ஊற்றினால் புளிப்புதான் மிஞ்சும். வாழைப்பழம் வேண்டும் என்றால் பந்தியில் கிண்ணத்தில் எடுத்துப் போடும்போது நறுக்குங்கள். இன்னொன்று, கறுப்புக்குக் கத்தியும் காரணமாகலாம். இரும்பு அரிவாள்மனையில் வாழையோ கொய்யாவோ மாங்காயோ நறுக்கினால் பழத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருநீலமாகக் கறை விடும். எவர்சில்வர் கத்தி எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அரிவாள்மனை பெரும்பாலும் மீன் நறுக்கியதாகத்தான் இருக்கும் என்பதால், வாடைக்காகவும் கிருமிக்காகவும் அதைப் பழத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது. பலகைக்கும் இதே விதி.

மூன்றாவது கசப்பு. அன்னாசி, பப்பாளி, முலாம்பழம் மூன்றிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. பால், தயிர், ஐஸ்கிரீம் எதோடு சேர்ந்தாலும் அவை பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக்கும், அந்தத் துண்டுகள்தான் நாக்கில் கசக்கின்றன. நேரம் போகப் போகக் கசப்பு ஏறும். கலந்த உடனே சாப்பிட்டால் தெரியாது, அதனால்தான் எட்டு மணிக்கு ருசி பார்த்தபோது நன்றாக இருந்திருக்கும். நன்கு பழுத்த பப்பாளியில் நொதி குறைவு, அரைப்பழத்தில் அதிகம். அன்னாசியில் பழுத்தாலும் போகாது. கஸ்டர்ட் ஊற்றித்தான் செய்ய வேண்டும் என்றால் பப்பாளியையும் முலாம்பழத்தையும் விட்டுவிட்டு, அன்னாசித் துண்டுகளைச் சீனிப்பாகில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்க்கலாம். சூட்டில் நொதி செயலிழந்துவிடும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மே மாதத்தில் கடற்கரைப் பக்கம் 25 பேர் பந்திக்குப் பாலே வேண்டாம். வடை பாயசத்துக்குப் பிறகு நாக்கு கேட்பது புளிப்பும் குளிர்ச்சியும்தான், கொழகொழப்பு இல்லை.

இனிப் பழங்கள். கத்திரி வெயிலில் நம் கடற்கரையில் எளிதாகக் கிடைக்கிற சிறந்த பொருள் நுங்கு. சாயல்குடி, கடலாடி, பெரியபட்டினம் என்று எங்கு பார்த்தாலும் பனை இருக்கும்போது, நுங்கு இல்லாமல் ஆப்பிளையும் கிவியையும் தேடி அலைவதில் அர்த்தமில்லை. தாராளமாகச் சேருங்கள், ஆனால் நுங்குக்கு நான்கு விஷயங்கள் முக்கியம். பருவம்: கண்ணைத் தோலோடு விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கி, உள்ளே நீர் தளும்ப வேண்டும். அழுத்தம் கொடுக்காத கடுக்காய் நுங்கு கலவையில் ரப்பர் மாதிரி கிடக்கும். ரொம்ப இளசாக இருந்தாலும் ஆகாது, தோலுரிக்கும்போதே உடைந்து போகும். தோல்: வெளிர்மஞ்சள் தோலை முழுக்க உரித்துவிட வேண்டும். தோலோடு தின்பது உடம்புக்கு நல்லது என்று சொல்வார்கள், அது தனியாகத் தின்பதற்குச் சரி. கலவையில் அந்தத் தோலின் துவர்ப்பு மற்ற பழங்களின் இனிப்பையும் அமுக்கிவிடும். கண்களைப் பத்து நிமிடம் குளிர்ந்த குடிநீரில் போட்டுவைத்து, காம்புப் பக்கம் நகத்தால் கீறி இழுத்தால் தோல் பெரும்பாலும் ஒரே உரியாக வந்துவிடும். நேரம்: உரித்த நுங்கு வெளியே இருந்தால் சில மணி நேரத்திலேயே கொழகொழத்துப் புளித்துவிடும், அதனால் இதுதான் கடைசி வேலை. சேர்க்கும் விதம்: எலுமிச்சையில் ஊறினால் நுங்கின் மெல்லிய வாசம் இருக்கும் இடம் தெரியாது. கருப்பட்டிப் பாகில் மட்டும் புரட்டி, கடைசியாக மேலே போடுங்கள்.

மாம்பழத்துக்கு நார் இல்லாத, கத்தியில் துண்டாக நிற்கிற பங்கனப்பள்ளி நல்லது. சாறு மாம்பழங்கள் ருசியில் குறைந்தவை இல்லை, ஆனால் கலவையில் கூழாகிவிடும். கட்டை விரலால் காம்படியில் அழுத்தினால் சிறிது மட்டும் இணங்க வேண்டும், மூக்கருகே வைத்தால் காம்பில் மணம் வர வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை; எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. மேல்தோல் ஒரே சீராக மஞ்சளாக இருந்து, காம்பில் மணம் இல்லாமல், வெட்டினால் கொட்டையைச் சுற்றி வெளிறிப் புளித்தால் சந்தேகப்படலாம். ஆனால் பார்வையாலும் வாசனையாலும் மட்டும் கார்பைடுதான் என்று உறுதி சொல்ல முடியாது, அதற்கு ஆய்வகம்தான் வேண்டும். விசேஷத்துக்கு ஐந்தாறு நாள் முன்பே செங்காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலில் பரப்பிப் பழுக்கவைத்தால் இந்தக் கவலையே இல்லை. தர்பூசணியில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று வருஷா வருஷம் வரும் பேச்சும் இப்படித்தான். ஊசி குத்திய பழம் இந்தச் சூட்டில் அந்த இடத்திலேயே அழுக ஆரம்பிக்கும் என்பதால் அது வியாபாரிக்கே கட்டாத வேலை. தரையில் கிடந்த பக்கம் வெண்ணெய் மஞ்சளாக இருக்கிறதா, தூக்கினால் கனக்கிறதா என்று பார்த்து, முழுப்பழமாக வாங்குங்கள். வெட்டிப் பிளாஸ்டிக் தாள் சுற்றிய துண்டு வேண்டாம்.

திராட்சையைக் கொத்தோடு கழுவினால் உள்ளே தண்ணீர் போகாது. ஒவ்வொன்றாக உதிர்த்து, லிட்டருக்கு ஒரு கரண்டி உப்புப் போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, பிறகு ஓடும் நீரில் அலசுங்கள். தூசியும் மேலே ஒட்டிய மருந்தில் ஒரு பங்கும் போகும், பழத்துக்குள் இறங்கியதை எந்தக் கழுவலும் எடுக்காது. கழுவும் தண்ணீரையும் பாருங்கள். நம் கடற்கரையில் பல வீடுகளில் கிணற்றிலும் போரிலும் வருவது உப்புத் தண்ணீர். முதல் கழுவல் அதில் இருக்கலாம், கடைசி அலசல் குடிநீரில்தான். இல்லையென்றால் உப்பு தோலில் படிந்து பழத்துக்கு ஒரு கரிப்பு வந்துவிடும். முலாம்பழம், பப்பாளி, தர்பூசணியை வெட்டுவதற்கு முன்பே தோலைத் தேய்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். தோலில் இருக்கும் கிருமியைக் கத்தி உள்ளே கொண்டுபோகும், இந்த மூன்றிலும் புளிப்பு குறைவு என்பதால் அது வேகமாகப் பெருகும்.

தர்பூசணியைச் சேர்க்கும் வழி கடல்பாசி. பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கடலில் இறங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கப்படும் அகர்தான் இந்த வேலைக்கு உதவுகிற சரக்கு. கரையில் கிடைக்கும் பச்சைப் பாசியை அப்படியே போட முடியாது. கடையில் வெள்ளை இழையாகவோ தூளாகவோ பாக்கெட்டில் வருவதை வாங்குங்கள். ஐந்து கிராம் இழையைக் கத்தரித்து, 250 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நடுத்தரத் தீயில் எட்டுப் பத்து நிமிடம் இழை ஒன்றுகூடத் தெரியாமல் கரையும் வரை காய்ச்சுங்கள். 40 கிராம் சீனி போட்டுக் கரைந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி வடிகட்டி, அதில் 200 மில்லி தர்பூசணிச் சாற்றை ஊற்றிக் கலக்குங்கள். சாறு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற சாறாக இருந்தால் பட்ட இடத்திலேயே கட்டி கட்டியாக உறைந்துவிடும், அறைச் சூட்டில் இருக்க வேண்டும். எலுமிச்சை சேர்ப்பதாக இருந்தாலும் இறக்கிய பிறகுதான். புளிப்போடு கொதித்தால் கடல்பாசி உறையும் தன்மையை இழக்கும். ஒரு சொட்டைத் தட்டில் விட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் உறைந்து விரலில் ஒட்டாமல் வந்தால் சரி, வராவிட்டால் இன்னொரு கிராம் இழையைத் தனியாகக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு வீரியம் மாறும் என்பதால் இந்தச் சொட்டுச் சோதனையை விடாதீர்கள். தட்டில் விரலளவு உயரத்துக்கு ஊற்றினால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே 40 டிகிரிக்குக் கீழே வரும்போது உறையும், பிறகு 85 டிகிரி வரை உருகாது. ஜெலட்டினில் செய்தால் மே மாத மதியத்தில் இளகிப்போகும். அன்னாசியும் பப்பாளியும் அதையும் உடைத்துவிடும். அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது என்பதால், சைவக்காரர்களும் ஹலால் பார்க்கிறவர்களும் சேர்ந்து உட்காரும் பந்திக்கு அது தோதுப்படாது. கடல்பாசிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள், நீர் பிரிந்து பஞ்சாகிவிடும்.

அளவு. சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் ஆளுக்கு 150 கிராம் தாராளம், 25 பேருக்கு மூன்றே முக்கால் கிலோ. மாம்பழம் ஒன்றரைக் கிலோ வாங்கினால் தோலும் கொட்டையும் போக 900 கிராம் நிற்கும். ஒரு கிலோ பப்பாளியில் 650 கிராம், ஒன்றேகால் கிலோ அன்னாசியில் பாதி, விதையில்லாத் திராட்சை 400 கிராம், இரண்டு மாதுளையில் 250 கிராம் முத்து, நுங்கு 20 கண், மேலே சொன்ன கடல்பாசி. இவ்வளவும் சேர்ந்தால் கணக்குச் சரியாக வரும். பாகுக்கு 150 கிராம் கருப்பட்டியை நொறுக்கி 150 மில்லி தண்ணீரில் கரைத்து, மண்ணும் நாரும் இருக்கும் என்பதால் துணியில் வடிகட்டி, ஆறு ஏலக்காயைத் தட்டிப் போட்டு, விரலில் லேசாகப் பிசுபிசுக்கும் வரை மட்டும் காய்ச்சுங்கள். கம்பிப் பதம் போனால் குளிரில் இறுகிவிடும். கருப்பட்டியின் நிறம் கலவையைக் கொஞ்சம் மங்கலாக்கும், பளிச்சென்று வேண்டுமென்றால் அதே அளவு பனங்கற்கண்டு போடலாம். ஒரு அங்குல இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறும் மூன்று எலுமிச்சையும் போதும். பழத்தின் இனிப்பு மரத்துக்கு மரம் மாறும் என்பதால் பாகை முக்கால் பங்கு ஊற்றி ருசி பார்த்த பிறகு மீதியை ஊற்றுங்கள்.

நேரக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவே கடல்பாசியும் பாகும் செய்து, முழுப்பழங்களைக் கழுவித் துடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இது. வெயிலில் சூடேறிய பழத்தை நறுக்கிப் பெரிய சட்டியில் குவித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி குளிர மணிக்கணக்காகும். முழுதாகக் குளிர்ந்த பழத்தை நறுக்கினால் நீரும் குறைவாக விடும், நேரமும் மிச்சம். விசேஷத்தன்று 11 மணிக்கு முன் கத்தியைத் தொட வேண்டாம். முதலில் அன்னாசி, அடுத்து மாம்பழம், பிறகு பப்பாளி, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக. அதைவிடப் பொடியாக நறுக்கினால் வெட்டுமுகம் கூடி நீர் விடும். அகலமான எவர்சில்வர் தட்டுகளில் பரப்பி, இரண்டு எலுமிச்சையின் சாற்றைத் தெளித்து, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்புக்கு ஆகாது. 12 மணிக்கு மேல் இரண்டு பேர் உட்கார்ந்தால் அரை மணியில் நுங்கு முடியும். 12.50-க்கு எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பாகு, இஞ்சிச் சாறு, மீதி எலுமிச்சை, அரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்து அடியிலிருந்து இரண்டே புரட்டு. மாதுளையையும் நுங்கையும் கடல்பாசித் துண்டுகளையும் மேலே தூவுங்கள். மாதுளை முன்பே சேர்ந்தால் நுங்கெல்லாம் சிவப்பேறிவிடும். உறைப்பு பிடிக்கிறவர்களுக்கு நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து உப்போடு ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். அன்னாசித் துண்டில் ஒரு சிட்டிகை போதும்.

சூட்டைப் பற்றி நான் விட்டுக்கொடுக்காமல் சொல்வது ஒன்று: நறுக்கிய பழம் 32 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அதற்குக் கீழே என்றால் இரண்டு மணி நேரம். கெட்ட வாசம் வந்தால்தான் கெட்டது என்று நினைக்க வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் வாசம் காட்டாமலே பெருகும். மின்சாரம் போனாலோ ஃப்ரிட்ஜில் இடம் இல்லாவிட்டாலோ, மீன் வைக்காத புதுத் தெர்மாகோல் பெட்டியில் பழத்தின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு, நடுவில் மூடியிட்ட பாத்திரத்தை இறக்குங்கள். ஈரத்துணி சுற்றுவது, மண்பானையில் வைப்பதெல்லாம் உள்நாட்டு வறண்ட காற்றில் ஓரளவு உதவும்; கடற்கரைக் காற்றிலேயே ஈரம் நிறைய இருப்பதால் நீர் சரியாக ஆவியாகாது, குளிர்ச்சியும் வராது. ஐஸ் விஷயத்தில் கவனம். மண்டபம், பாம்பன் பக்கம் சுலபமாகக் கிடைப்பது மீனுக்காகச் செய்யும் பாளம். அதைப் பாத்திரத்துக்கு வெளியே வைக்கலாம், ஒரு துண்டுகூட உள்ளே விழக் கூடாது. தின்பதற்கு அல்லாத ஐஸுக்கு நீலநிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. என்றாலும் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பாளத்தை நம்பி உள்ளே போடாதீர்கள். கிண்ணத்துக்குள் ஐஸ் வேண்டுமென்றால் வீட்டில் குடிநீரில் உறையவைத்ததுதான்.

பாலும் பழமும் சேர்ந்தால் தோல் வியாதி வரும் என்பார்களே என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கலாம். சித்த, ஆயுர்வேத மரபுகளில் இந்தச் சேர்க்கையைத் தவிர்க்கச் சொல்வது உண்டு. கசப்பைப் போல நிச்சயமாக நிரூபிக்கப்பட்ட விஷயம் அது இல்லை. பால் சேர்க்காத கலவையில் அந்தக் கேள்வியே எழாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாகு ஊற்றுவதற்கு முன்பே நுங்கும் பப்பாளியும் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். கருப்பட்டி என்பதால் சர்க்கரை ஏறாது என்று யாரும் நம்பிவிடக் கூடாது, அதுவும் ஏறும். சாதம் சாப்பிட்ட பிறகு எவ்வளவு பழம் எடுக்கலாம் என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், சமையல் தெரிந்தவர் சொல்லும் கணக்கு அதற்கு ஆகாது.

மிஞ்சினால் என்ன செய்வது என்பதற்கும் முன்பே வழி வைத்துக்கொள்ளலாம். இரண்டு பந்தியாகப் பரிமாறுவதாக இருந்தால், 12.50-க்கு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கலக்காமல், முதல் பந்திக்குப் பாதியை மட்டும் கலந்து பரிமாறுங்கள். மீதி பழம் பாகு படாமல் ஃப்ரிட்ஜிலேயே இருந்தால் இரண்டாம் பந்திக்கும் புதிதாகவே இருக்கும், அதிலும் மிஞ்சியது மறுநாள் காலை வரை தாங்கும். பாகு கலந்து ஒரு மணி நேரம் வெளியே இருந்ததை மட்டும் எடுத்து வைக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். கருப்பட்டிப் பாகு மிஞ்சினால் ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஒரு வாரம் வரை நுங்குக்கு ஊற்றிக்கொள்ளலாம்.